இந்த முறை எந்த ஊர்?



ஹீத்ரோவில் இறங்கும் நம்மவர்கள் நேரே லண்டனுக்குள் போய்விடுகிறார்கள். விமான நிலையத்தின் வடக்கு எல்லையை ஒட்டி சிப்சன், ஹார்மண்ட்ஸ்வர்த், லாங்ஃபர்ட் என்று சிற்றூர்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. மூன்றாவது ஓடுபாதைக்குக் கண் வைத்திருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

ஊர்க்காரர்களின் கோபத்துக்கு வயது அதிகம். ஐந்தாம் முனையத்துக்கு அனுமதி கேட்ட 1990-களில், இதனால் இன்னொரு ஓடுபாதை தேவைப்படாது என்று நிர்வாகமே அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதியது. முனையம் 2008 மார்ச்சில் திறந்தது. 2009 ஜனவரியிலேயே மூன்றாவது ஓடுபாதைக்கு அரசு சம்மதம் சொல்லிவிட்டது. அந்த வரைபடத்தில் போக வேண்டிய ஊர் சிப்சன். 2010-இல் வந்த அரசு அதைக் கைவிட்டது. 2016-இல் மறுபடி எடுத்தபோது கோடு மேற்கே தள்ளிப்போயிருந்தது: லாங்ஃபர்ட் முழுவதும், ஹார்மண்ட்ஸ்வர்த்தில் பெரும்பகுதியும், சுமார் 750 வீடுகள். 2018-இல் நாடாளுமன்றம் 415-க்கு 119 என்று ஒப்புக்கொண்டது. 2020-இல் ஒரு நீதிமன்றம் தடுத்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 2025 ஜனவரியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் திரும்பவும் ஆதரவு தெரிவித்தார்.

ஹார்மண்ட்ஸ்வர்த்தில் 1426-27-இல் கட்டிய தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் இரு பக்கமும் ஓக் மரத் தூண்கள், தலைக்கு மேலே கப்பலைக் கவிழ்த்து வைத்தது போன்ற கூரை. பெரும்பாலான மரம் அன்று நிறுத்தியதுதான். 2016 திட்டத்தில் களஞ்சியத்தையும் பக்கத்துத் தேவாலயத்தையும் விட்டுவைத்தார்கள். ஆனால் விமான நிலைய வேலி அவற்றின் வாசலுக்கே வந்துவிடும். வந்து தொழவும் பார்க்கவும் ஊரில் யார் மிச்சமிருப்பார்கள்?

சந்தை விலைக்கு மேல் 25 சதவீதம் கூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். இடிபடுமா படாதா என்று தெரியாத வீட்டில் கூரை மாற்றலாமா, பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கலாமா என்று தயங்கியே கழிந்த வருஷங்களுக்கு என்ன விலை? அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை.

வேலிக்குள் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர். வேலைவாய்ப்பு பெருகும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஓடுபாதைக்கு நேர் கிழக்கே வசிப்பவர்களுக்கு இப்போதுள்ள ஒரே ஆறுதல் மாலை 3 மணி ஏற்பாடு: மேற்கு நோக்கி இறங்கும் விமானங்கள் அந்த நேரத்தில் ஓடுபாதை மாறும், பாதி நாளாவது காது ஓயும். மூன்றாவது வந்தால் அந்த ஓய்வுநேரம் சுருங்கும் என்று அஞ்சுகிறார்கள். அதைக் குறைக்கமாட்டோம் என்று கடிதத்தில் எழுதினால் போதாது. சட்டத்தில் எழுத வேண்டும். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் கேட்கப்போவதும் அதைத்தான்.