சூடானால் நிற்கும் வண்டி

அப்பாவின் புல்லட் காலையில் ஒரே உதையில் கிளம்பும். அதுதான் பிரச்சினை. வாங்க வந்தவர் ஒரு காலை நேரத்தில் வந்தார், ஒரே உதை, அஸ்தினாபுரம் தெருவில் ஒரு சுற்று, விலை பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இருபது நிமிடம் ஓடினால் வண்டி இருமி நின்றுவிடும் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் போனதும் அம்மா கேட்டாள். "சொன்னியாடா?"

"இல்லம்மா."

"அப்பா இருந்தா சொல்லியிருப்பார்."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அப்பா இருந்தபோதே ஒருமுறை போனில் என்னிடம் சொன்னார், "சூடானா மூச்சு வாங்குதுடா" என்று. நான் ஆபீஸ் மீட்டிங் நடுவில் இருந்தேன். "வித்துடுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பக்கத்து மெக்கானிக் இரண்டு முறை பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்திருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. கடைக்குப் போகும்போது வண்டி ஆறியிருக்கும், ஆறிய வண்டியில் கோளாறே இருக்காது. என் தொழிலிலும் இதே கதைதான், ப்ரொடக்‌ஷனில் வரும் பிழை என் லேப்டாப்பில் வராது.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போனேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நின்றது. முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் பெட்ரோல் இறங்காமல் இப்படித்தான் நிற்கும். திறந்தும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி மறுபடி கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து உதைத்தேன். (பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும், பெட்ரோல் ஆவி வரும். சிடிஐ வண்டியில் பிளக் சரியாக எர்த் ஆகாமல் இதைச் செய்தால் யூனிட்டே போய்விடலாம்.) பொறி வந்தது. ஆனால் நீலமாகச் சொடுக்காமல் மஞ்சளாக, சோம்பலாக வந்தது.

பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு அம்மீட்டர் உண்டு. பல பேருக்கு அது அலங்காரம். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் பாயிண்டில் அழுக்கு இருக்கலாம், எங்காவது ஒயர் அறுந்திருக்கலாம். மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லையென்றால் கண்டன்சர் ஷார்ட். எனக்கு ஒழுங்காக ஆடியது. அப்படியென்றால் பேட்டரி, சுவிட்ச், காயிலின் முதல் சுற்று மூன்றும் வேலை செய்கின்றன. மிச்சம் கண்டன்சர், காயிலின் இரண்டாம் சுற்று, பிளக் ஒயர்.

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம் என்று கை அரித்தது. மாற்றினால் வண்டி ஓடும், எது கெட்டது என்று மட்டும் தெரியாமலே போகும்.

ஆறவிட்டுக் கிளப்பி, இருமலோடு வீடு வந்தேன். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, என்ஜின் ஓடும்போதே பாயிண்ட் மூடியைக் கழற்றினேன். மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்று சொல்லும் அந்த இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே வெல்டிங் போலப் பொறி பறந்தது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் கண்டன்சர். அது தாங்கினால்தான் காயிலின் காந்தப்புலம் ஒரேயடியாகச் சரிந்து, பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும். கண்டன்சர் கைவிட்டால் பிளக்கில் வர வேண்டிய நெருப்பு பாயிண்டிலேயே எரிந்து தீர்ந்துவிடும். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கெடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷனின் கணக்கு இது. திருவொற்றியூரில் செய்த அப்பாவின் வண்டியிலும் அதே கணக்குதான்.

ஞாயிறு வாங்க வருகிறவரிடம் ஒரு நாள் தள்ளி வரச் சொன்னேன். திங்கட்கிழமை லீவு போட்டு ஜி.பி. ரோடு போய் கண்டன்சர் மட்டும் வாங்கினேன். கருகிய பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை 0.38 மி.மீ. வைத்தேன். ஃபீலர் கேஜ் அப்பாவின் டூல் பாக்ஸிலேயே இருந்தது, அந்த அளவுத் தகடு மட்டும் தேய்ந்து பளபளத்தது. வேளச்சேரி போய்த் திரும்பினேன். நிற்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அம்மா உள்ளே போய், அட்வான்ஸிலிருந்து இரண்டாயிரத்தை எடுத்து வந்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினார். உதைப்பதற்கு முன் குனிந்து அம்மீட்டரைப் பார்த்தார்.