உரம் விழுந்த நாட்கள்

2018-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், மெல்போர்னில் எங்கள் மகள் பிறந்தாள். இடுக்கி வைத்து எடுத்த பிரசவம். பிறக்கையில் 3.2 கிலோ இருந்தவள் பன்னிரண்டாம் நாள் 2.9 ஆகியிருந்தாள். முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்புதான். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும் என்பார்கள். வலப்பக்கம் ஓரளவு குடித்தாள். இடப்பக்கம் வைத்தால் உடலை வில்லாக வளைத்து அலறினாள். நகராட்சிச் செவிலி, பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் புகட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரிலிருந்து அத்தை தொலைபேசியில் சொன்னார்: "புள்ளைக்கு உரம் விழுந்திருக்கும்மா. இங்கன்னா சேலைல போட்டு உருட்டி எடுத்துடுவாங்க."

தூக்குகையில் பச்சிளங்குழந்தையின் கழுத்தோ தோளோ சுளுக்கிக்கொள்வதாகவும், அதனாலேயே அது பால் மறுப்பதாகவும் கொள்வதே உரம் என்ற நம்பிக்கை. சேலையின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் குழந்தையை இட்டு மெல்ல உருட்டுவார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டோம். படித்தவர்களல்லவா!

மூன்றாம் நாள், தெரிந்தவர் சொல்லக் கேட்டு, ஒரு கைரோபிராக்டரின் அறையில் அமர்ந்திருந்தோம். பிரசவ இழுப்பில் கழுத்தெலும்பு இம்மியளவு நிலைபிசகியிருக்கிறது என்றார் அவர். அத்தை சொன்னதையேதான் முதுகெலும்புப் படத்தைக் காட்டிச் சொல்கிறார் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. விரல்நுனிகளால் குழந்தையின் பிடரியை அழுத்தினார். அன்றிரவு அவள் நன்றாகக் குடித்தாள். நாங்கள் அழுதேவிட்டோம். மறுநாள் விடியலில் மீண்டும் அதே அலறல்.

பின்னர்தான் படித்துப் பார்த்தோம். 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் என்பவர், செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பைச் சரிசெய்து கேட்கவைத்ததாகக் கூறியதில் தொடங்குகிறது இம்முறையின் கதை. நாங்கள் போய்வந்த சில மாதங்களில், இரு வாரக் குழந்தையொன்றுக்கு இச்சிகிச்சை நடப்பதைக் காட்டும் காணொளி விக்டோரியா மாநிலத்தைக் கொதிக்கவைத்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு முதுகெலும்பை நெட்டித் திருப்பும் சிகிச்சை கூடாதென்று 2019 மார்ச்சில் ஆஸ்திரேலிய வாரியம் இடைக்காலத் தடை விதித்தது. 2023 இறுதியில் தளர்ந்த அத்தடை, எதிர்ப்பு எழவே 2024 ஜூனில் மீண்டும் வந்தது. 2019-இல் மாநில அரசு நடத்திய ஆய்வில், குழந்தைகளுக்கு இதனால் பலனுண்டு என்பதற்கு வலுவான சான்று கிட்டவில்லை. பெருந்தீங்கு நேர்ந்ததற்கான சான்றும் மிகச் சொற்பமே. எங்கள் மகளுக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆயினும், தலை நிற்காத சிசுவின் கழுத்தை, ஒரு கேள்வியும் கேளாமல் அந்நியர் கையில் கொடுத்தோமே என்பதை எண்ணினால் இன்றும் உடல் கூசுகிறது.

எங்களைக் கரையேற்றியவர் செவிலி அனுப்பிவைத்த பாலூட்டல் ஆலோசகர். அவர் குழந்தையைத் தொடுவதற்கு முன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எல்லோரும் குழந்தையைச் சோதித்தார்களேயன்றி, பால் கொடுப்பதை முழுதாய்ப் பார்த்தவர் ஒருவருமில்லை. குழந்தை காம்பை மட்டுமே கவ்வுகிறது, கருவட்டம் வாய்க்குள் போகவில்லை என்றார். எங்களில் பெற்றவள் வலிக்கு அஞ்சித் தோளைக் குறுக்கிக் குனிவதையும் அவரே கண்டார். சாய்ந்து அமரச் செய்து, வயிற்றோடு வயிறு அணைய, குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பு வரும்படி வைத்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருக்கக் கற்பித்தார். ஒரே நாளில் சரியாகவில்லை. பீய்ச்சிய பாலும் கரண்டியும் மேலும் பத்து நாள் தொடர்ந்தன. ஐந்தாம் வாரம் தராசு 3.5 காட்டியது.

இப்போது யோசிக்கையில் சேலையில் உருட்டும் கிழவிமீதும் அந்தக் கைரோபிராக்டர்மீதும் எங்களுக்குக் கோபமில்லை. தூக்கமிழந்த இருவரிடம் 'இதுதான் காரணம், நான் எடுத்துவிடுகிறேன்' என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் முடிந்தது. அந்த உறுதிக்காகத்தான் நாங்கள் போனோம். ஆலோசகரோ உறுதி எதையும் தரவில்லை, உடனிருந்து பார்த்தார்.

அத்தை அடுத்தமுறை பேசியபோது கேட்டார்: "உரம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு அத்தை" என்றோம்.