ஆடி மாத லென்ஸ்

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களிடம் டயரைப் பற்றிக் கேளுங்கள், செயினைப் பற்றிக் கேளுங்கள், பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். "காமிராவுக்கு எந்த லென்ஸ் எடுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டால் மட்டும் ஆள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு வேறு வேலை நடக்காது.

2022 ஆடியில் கோபிசெட்டிபாளையத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் முடிந்திருந்தது. வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரோடு மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போவதாக ஏற்பாடு. சுமார் 475 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்தால் கோபியிலிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் நடுவில் ரோதங் (3,978 மீட்டர்), அதன் பிறகு பாரலாச்சா, நக்கீ லா, லாச்சுங் லா, கடைசியில் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா என்று ஐந்து கணவாய்கள். 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு வண்டிகள் ரோதங் ஏறாமலே போய்விடுகின்றன. சைக்கிள்காரர்கள் மட்டும் வேண்டுமென்றே ஏறுகிறார்கள். அது ஒரு வகை வியாதி, விட்டுவிடுவோம்.

மற்றவர்களுக்கு நல்ல லென்ஸ் இல்லையே என்பது கவலை. இவனுக்கு நிறைய இருப்பதுதான் கவலை. அப்பா இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண போட்டோ எடுப்பவர். ஸ்டூடியோ பீரோவைத் திறந்தால் ஆறு லென்ஸ். அதில் ராஜா, கேனான் 70-200 எஃப் 2.8. உடம்பெல்லாம் வெள்ளை நிறம் என்பதால் அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'வெள்ளைக்காரன்'. தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி ஐம்பது பேர் அடைத்துக்கொண்டு நின்றாலும், மண்டபத்தின் பாதியில் ஸ்டூல் போட்டு ஏறிப் பெண்ணின் கண்ணோரத்து ஈரத்தைப் பிடித்துவிடும் லென்ஸ் அது.

இவன் கேட்கவே இல்லை. அப்பாவே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆடில ஒரு முகூர்த்தமும் கெடையாது. பீரோல சும்மா தூங்கறதுக்கு அதும் மலையைப் பாத்துட்டு வரட்டும். எடுத்துக்க சாமி."

அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் காபி கொடுக்கும்போது மட்டும், "அதுக்கு இன்னும் ஏழு தவணை இருக்குது கண்ணு" என்றார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. அந்தத் தேதிக்குள் லென்ஸ் முழுசாக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அகலக் கோண லென்ஸில் மலையை எடுத்தால் மலை எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும். எதிரே நிற்கும்போது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த சிகரம், படத்தில் சுண்டுவிரல் நகத்தளவு தெரியும். தூரத்து லென்ஸ் போட்டால்தான் பின்னால் இருக்கும் மலை முன்னால் வந்து நெஞ்சில் உட்காரும். அப்பா தொழில் நிமித்தமாக அதிகபட்சம் போனது கொடைக்கானல். பையன் கொண்டுவரும் இமயமலை பெரிதாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பையன் ஆறு லென்ஸையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போனான். தராசு அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர், "இதென்னங் தம்பி, கிலோ என்ன வெலைங்?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். 24 எம்.எம் தட்டை லென்ஸ் 125 கிராம். 50 எம்.எம் எஃப் 1.8 சுமார் 160. காமிராவோடு வரும் 18-55 சுமார் 205. 10-18 அகல லென்ஸ் 240. 55-250 சுமார் 375. வெள்ளைக்காரன், அடியில் இருக்கும் ட்ரைபாட் வளையத்தைக் கழற்றிய பிறகும், 1,490.

ஒன்றரை கிலோ என்பது ஒன்றரை லிட்டர் தண்ணீர். கடையே இல்லாத நீளங்கள் உள்ள சாலையில் அது சாதாரணக் கணக்கு இல்லை. சரி, எடையைக்கூடச் சமாளித்துவிடலாம், எங்கே வைப்பது? ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் வைத்தால் இறக்கத்தில் முன்சக்கரம் ஆட ஆரம்பிக்கும். பின்சக்கரத்துப் பையில் வைத்தால் குலுக்கலை எல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். கரடுமுரடான ரோட்டில் நாள் முழுவதும் அதிர்ந்தால் லென்ஸுக்குள் இருக்கும் குட்டித் திருகுகள் மெதுவாகத் தளரும். முதுகில் மாட்டினால் உடம்பே குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் ஏற்றத்தில் முதுகு நனைந்து தோள் கழன்றுவிடும்.

இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் ஆசியாவையே கடந்தவர்கள் உண்டு. ஆலன், சாக்ட்லெபன் என்று இரண்டு அமெரிக்கர்கள். செயின்ட் லூயிஸில் கல்லூரியை முடித்த கையோடு 1890-ல் கிளம்பி, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து பீகிங் வரை சைக்கிளில் போனார்கள். வழியில் 1891-ல் அராரத் மலையையும் ஏறிவிட்டுப் போனார்கள். கையில் இருந்தது அப்போது புதிதாக வந்திருந்த கோடாக் ஃபிலிம் காமிரா. 1888-ல் வந்த முதல் கோடாக்கில் லென்ஸைக் கழற்றவும் முடியாது, ஃபோகஸ் செய்யவும் முடியாது. ஒரு சுருளில் நூறு படம், படங்கள் எல்லாம் வட்டமாக இருக்கும், அவ்வளவுதான். எடையைக் குறைக்க ஹேண்டில்பாரின் முனைகளையே வெட்டிப்போட்ட ஆட்களுக்கு அது போதுமாக இருந்தது.

அதே காலத்தில் பிட்ஸ்பர்க்கிலிருந்து 1892-ல் உலகம் சுற்றக் கிளம்பிய இன்னொருவரும் காமிராக் கிறுக்கு. 'அவுட்டிங்' என்ற பத்திரிகைக்காகத் தனியாகப் போனார். ஜப்பான், சீனா, பர்மா கடந்து, கல்கத்தாவிலிருந்து கராச்சி வரை நம் ஊர் ரோட்டிலும் மிதித்திருக்கிறார். 1894 மே மாதம் கிழக்குத் துருக்கியில், எர்ஸுரும் போய்ச் சேருவதற்கு முன்னால் காணாமல் போனார். அடுத்த வருஷம் அவரைத் தேடிப் போனவர் அந்த சாக்ட்லெபனேதான். ஆள் கிடைக்கவில்லை, கொலை செய்யப்பட்டிருக்கிறார் என்றுதான் முடிவானது. அவர் பெயர் ஃபிராங்க் லென்ஸ். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே லென்ஸ்தான்.

கோபிக்குத் திரும்புவோம். பையன் ஒரு நல்ல காரியம் செய்தான். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, மொத்த மூட்டையையும் சைக்கிளில் கட்டி மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மிதித்தான். 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறும் ரோடு அது. வெள்ளைக்காரனும் பின்பையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது வளைவில் மரத்தில் ஒரு மலை அணில். அருமையான வெளிச்சம். பையன் பிரேக் பிடித்தான், சரிவில் சைக்கிள் நிற்காமல் நழுவியது, கைப்பிடிச் சுவரில் சாய்த்தான், பின்பையின் இரண்டு பக்கிளைக் கழற்றினான், துண்டைப் பிரித்தான், இருந்த லென்ஸைக் கழற்றி இதை மாட்டினான். நிமிர்ந்து பார்த்தால் மரம் மட்டும் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அன்றைக்கு எடுத்த நீல வானங்களில் எல்லாம் ஒரே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸ் மாற்றும்போது சென்ஸாரில் உட்கார்ந்த தூசு.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எந்த லென்ஸ், எத்தனை எம்.எம், எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கும். (லென்ஸ் வாங்கத் துடிக்கும் தோழர்களே, காசைக் கரைப்பதற்கு முன் உங்கள் பழைய படங்களில் இதைப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்குச் செலவே கிடையாது.) 140 படங்களில் நூற்றுக்கு மேல் 18-லிருந்து 35-க்குள் இருந்தன. 70-200-ல் எடுத்தவை நான்கு. நான்கிலும் அணில் இல்லை.

அப்பா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு நின்ற அம்மாக்கள், சைக்கிளைத் தடவிப் பார்த்த பள்ளிக்கூடப் பையன்கள், பேக்கரிக்காரர். எல்லாரும் ஒரு கை நீளத் தூரத்தில்.

"இவங்களை எல்லாம் சிரிக்கச் சொன்னயா?"

"இல்லீங்ப்பா. நான் மூச்சு வாங்கறதைப் பாத்து அவங்களே சிரிச்சாங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கல்யாண வீட்டில் காமிராவைப் பார்த்ததும் முகங்கள் எப்படி விறைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அதனால்தானே தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். வேர்த்து வழிந்து ஒருவன் சைக்கிளில் வந்து நின்றால், லென்ஸ் யாரையும் பக்கத்தில் இழுக்க வேண்டியதில்லை. ஆட்களே வந்துவிடுகிறார்கள்.

"அப்ப அந்தத் தட்டை லென்ஸே போதும்னு நெனைக்கறயா?"

"ஆமாங்ப்பா. மலைதான் சின்னதாப் போயிரும்."

"அதுக்கு வேற வழி இருக்குது" என்றார் அப்பா.

கடைசியில் பையில் ஏறியது இரண்டுதான். 24, 50. இரண்டும் சேர்த்து முந்நூறு கிராம்கூட இல்லை. ஸ்டூடியோவின் பழைய கேனான் 700டி-யில் சென்ஸார் சிறியது, 1.6-ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 24 என்பது 38 எம்.எம் மாதிரி, கண் சாதாரணமாகப் பார்ப்பதைவிடச் சற்றே அகலம். 50 என்பது 80 மாதிரி, ஆளை மட்டும் தனியாக எடுக்க. 18-55 ஒன்றே போதுமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரி, லென்ஸே மாற்ற வேண்டாம், தூசுக்கும் பயமில்லை. இவன் வீட்டு 18-55 கிழடு, குழாய் தளர்ந்து தானாக வெளியே நீளும், உள்ளே போய்வரும் போதெல்லாம் புழுதியைக் குடிக்கும். அதனால் தள்ளுபடி. போலரைசர் ஃபில்டரையும் அப்பா எடுத்து வெளியே வைத்துவிட்டார். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம், அதையும் போட்டால் ராத்திரி மாதிரி ஆகிவிடும். பதிலாக இரண்டு பேட்டரி அதிகம், குளிரில் சீக்கிரம் உயிர்விடும் என்பதால். கூடவே நாலைந்து பிளாஸ்டிக் கவர். குளிர்ந்த காமிராவை அப்படியே சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோனால் லென்ஸெல்லாம் வேர்க்கும். கவரில் போட்டுக் கட்டி, சூடு ஏறிய பிறகு பிரிக்க வேண்டும்.

பயணத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். லாஹௌலில் பட்டாணி பறிக்கும் பெண்கள் பையனின் கை நிறையப் பட்டாணியைத் திணித்துவிட்டு, படமும் எடுக்கச் சொன்னார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து ரோடு போடும் தொழிலாளர்கள், தார் டின் பக்கத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு டீ கொடுத்தார்கள். துணியை விலக்கி ஒருவர் சிரித்த படம் 24-ல் எடுத்தது. காமிரா ஹேண்டில்பார் பையிலிருந்து வெளியே வர மூன்று விநாடிதான் ஆனது.

பாரலாச்சாவைத் தாண்டிய இறக்கத்தில் ஒரு ஓடை ரோட்டின் குறுக்கே பாய்கிறது. இந்த ஓடைகளைக் காலையில் கடந்துவிட வேண்டும். மத்தியானம் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும். இவர்கள் போய்ச் சேர்ந்தது மூன்று மணிக்கு. நடு ஓடையில் கல் புரண்டு சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்தது. ஹேண்டில்பார் பையைப் பையன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். வலது பின்பை முழுசாக முங்கி, தூக்கும்போது குடம் மாதிரி தண்ணீரை ஊற்றியது. உள்ளே இருந்தவை ஸ்வெட்டர், அவல், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட். கோத்தகிரி போனபோது வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தது அந்தப் பையில்தான். இந்த விஷயம் இன்னும் வீட்டுக்குத் தெரியாது. யாரும் கோபிக்குப் போன் போட வேண்டாம் :-)

சர்ச்சுவில் மறுநாள் காலை, அப்பா சொல்லிக்கொடுத்த வழியைச் செய்து பார்த்தான். 50 எம்.எம்-ஐ மாட்டி, காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து, வெளிச்ச அளவு எதையும் மாற்றாமல் பூட்டி, ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் மூன்றில் ஒரு பங்கு படியும்படி, நின்ற இடத்திலேயே உடம்பை மெல்லத் திருப்பிக்கொண்டு மேல் வரிசை ஆறு, கீழ் வரிசை ஆறு. மொத்தம் பன்னிரண்டு படம். ஆடி முடிவதற்கு நான்கு நாள் முன்பு ஊர் திரும்பியதும், அப்பா இரண்டு ராத்திரி உட்கார்ந்து அவற்றை ஒட்டினார். ஒரு படம் 1.8 கோடி பிக்சல். ஒட்டி முடித்தபோது கிட்டத்தட்ட 13 கோடி. ஒரே ஒரு குறை. பன்னிரண்டு படம் எடுப்பதற்குள் ஒரு மேகம் நகர்ந்துவிட்டது, நடுவில் அது பாதியாக அறுந்து தெரிகிறது. எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ஸ்டூடியோவில் பதினைந்து வருஷமாகத் தொங்கிய தாஜ்மஹால் திரையைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டடிக்கு ஏழடியில் சர்ச்சு மலையை அப்பா தொங்கவிட்டார். ஆவணி முதல் முகூர்த்தத்து ஜோடி கல்யாணம் முடிந்து மாலையோடு வந்தபோது, எதிர்ச் சுவர் வரை பின்னால் போய் 70-200-ஐக் கண்ணில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை, கொஞ்சம் எடது பக்கம் தள்ளி நில்லுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

மாப்பிள்ளையின் தலைப்பாகை, அறுந்த மேகத்தைச் சரியாக மறைத்தது.