பென் டிரைவில் வந்த மலை

எங்கள் மடிக்கணினியின் வன்தட்டு பழுதானதால் வாப்பா கண்டி நகரில் புதியதொன்று வாங்கி வந்தார். பொருத்துவது திருகாணி வேலைதான். ஆனால் இயக்கினால் கறுப்புத் திரை. வன்தட்டு வெறும் அலமாரி; எதை எங்கே வைப்பது, எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொள்வது பணிசெயல் முறைமை. அதைப் போடக் கடையில் தனிக் கட்டணம்.

"நானே போடுறேன் வாப்பா" என்றேன்.

"சரி வருமா மகள்?"

நான் தெரிவு செய்தது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 21 வயதில் அதன் கருவை எழுதத் தொடங்கினார். பின்னர் எவரும் இலவசமாக எடுக்கவும் திருத்தவும் அது திறந்து விடப்பட்டது. நம் நாட்டவரும் அதைக் கொண்டு ஒன்றை உருவாக்கி, நாம் தினமும் பார்க்கும் மலையின் பெயரையே வைத்தார்கள்: ஹந்தானை லினக்ஸ். அந்தச் செய்திதான் எனக்குத் துணிவு தந்தது.

தோழியின் கணினியில் உபுண்டுவைப் பதிவிறக்கி, பென் டிரைவை நிறுவியாக மாற்றினேன். தொடங்கும் வரிசையில் அதை முதலாவதாக வைத்தேன். "வட்டு முழுவதையும் அழிக்கவா?" என்ற கேள்விக்கும் அஞ்சவில்லை, புதிய தட்டில் அழிய எதுவுமில்லையே!

மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவு செய்தேன். ஆங்கிலம் என்பதால் கணினிப் பக்கமே வராத உம்மா, அருகில் அமர்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

தோழிகளே, கடைக்காரர் செய்வதும் இதே படிகளைத்தான். வகுப்பில் படித்ததை வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். பெற்றோரே, பக்கத்தில் இருந்து பாருங்கள்.