குமிழிக்குப் பயப்படும் செல்கள்

உங்களை நாய் கடித்திருக்கிறதா? 2004-க்கு முன்னால் கடித்திருந்தால், வயிற்றில் போட்ட ஊசிகள் ஜென்மத்துக்கும் மறக்காது. அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து வந்தது. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அதைத்தான் வெகுகாலம் தயாரித்தார்கள். அபூர்வமாகச் சிலருக்குப் பக்கவாதத்தையே வரவழைத்ததால், 2004 இறுதியோடு இந்தியாவில் அதற்கு முழுக்குப் போட்டாயிற்று. இப்போது கையில் நாலைந்து ஊசி, அவ்வளவுதான். இவற்றில் பல 'வீரோ' செல்களில் வளர்த்த வைரஸிலிருந்து வருகின்றன. 1962-ல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வம்சம். குரங்கு என்றோ போய்விட்டது. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இந்தச் செல்களை வளர்க்கும் பாத்திரத்துக்குப் பெயர் பயோரியாக்டர். என் நண்பர் ஒரு பேராசிரியர். அவருக்கு ஒரு மனக்குறை. பி.டெக். பயோடெக் முடித்து வரும் பிள்ளைகளில் பலர் இதைப் பூட்டிய அறைக்கு வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இறக்குமதிச் சரக்கு, விலை பல லட்சம், யாரைத் தொட விடுவார்கள்? பிள்ளைகள் தைரியமாக உடைக்கக்கூடிய மாதிரி மூன்று லிட்டரில் ஒன்று செய்யப் போகிறேன் என்று, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

படம் பார்த்த பட்டறைக்காரர், "பால் டேங்க் மாதிரிதானே சார்?" என்றார்.

இல்லை. பாக்டீரியாவுக்குக் கெட்டியான சுவர் உண்டு. எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் தாங்கும், இருபது நிமிஷத்தில் இரட்டிக்கும். பாலூட்டிச் செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள். 37 டிகிரி வேண்டும், ஆக்ஸிஜன் வேண்டும். ஆனால் காற்றை அடியிலிருந்து குமிழியாக விட்டால், அந்தக் குமிழி மேலே வந்து வெடிக்கிறதே, அந்த அதிர்ச்சியில் பக்கத்துச் செல்கள் கிழிந்துபோகும். நமக்குச் சோடா, அதற்குச் சுனாமி. 'புளூரானிக்' என்று ஒரு வஸ்துவைக் கொஞ்சம் கலந்தால் சேதம் குறைகிறது. சின்னப் பாத்திரத்தில் மேற்பரப்பில் காற்றை ஓட விட்டே ஓரளவு சமாளிக்கலாம். பெரிதாக்கினால் முடியாது: நீள அகல உயரத்தை இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு, மேற்பரப்பு நாலு மடங்குதான்.

வீரோ செல்லுக்கு இன்னொரு பிடிவாதம். எதையாவது ஒட்டிக்கொண்டால்தான் வளரும். 1967-ல் ஹாலந்தில் வான் வெசல் என்பவர் ஒரு வழி சொன்னார்: கால் மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகளை மிதக்கவிட்டு, அவற்றின் மேல் செல்களைக் குடியேற்றலாம். மணிகள் அடியில் தங்காத அளவுக்குச் சுழற்ற வேண்டும், செல் உதிராத அளவுக்கு மெதுவாக.

உண்மையான தலைவலி மூடிதான். பாத்திரம் கண்ணாடி, மூடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டிபன் தட்டு அளவு மூடியில் பி.எச். மானி, ஆக்ஸிஜன் மானி, வெப்பமானி, காற்று உள்ளே, காற்று வெளியே, உணவு, காரம், சாம்பிள் என்று எட்டு ஓட்டை. ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல். சுழலும் தண்டுக்கும் ஓட்டை போட்டால் ஒன்பது. அதனால் நண்பர் மூடிக்கு வெளியே ஒரு காந்தம், உள்ளே ஒரு காந்தம் என்று வைத்துவிட்டார். பட்டறைக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வெல்டிங்கை நாலு தடவை தேய்த்து, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மூடிக்கு வாங்கிய கூலியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மூடி வந்துவிட்டது. இன்னும் செல் போடவில்லை. 121 டிகிரி நீராவியில் வேகவைத்து, வெறும் ஊட்டத் திரவத்தை மட்டும் ஊற்றி, பதினாலு நாள் சுழல விட்டிருக்கிறார். திரவம் ரோஸ் சர்பத் நிறம். கிருமி நுழைந்தால் மஞ்சளாகிக் கலங்கும். மூடி மறுபடி கும்மிடிப்பூண்டிக்குப் போகும். நேற்று ஆறாவது நாள். போனில் கேட்டேன்.

"சிவப்பாத்தான்யா இருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி.