நோட்டு நடுவில் இருக்கட்டும்

கண்ணா, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டில் நீ ஒரு கிளானுக்கு லீடர் ஆகிவிட்டதை உன் அம்மா புகாராகத்தான் சொன்னாள். எனக்கு அப்படிப் படவில்லை. ராமகுப்பத்துப் பையன்கள், குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், நீ முகமே பார்த்திராத கிருஷ்ணகிரிக்காரன், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த சாட். ஐம்பது பேர் வரை சேரக்கூடிய கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையா? எங்கள் டுவாக்ரா சேமிப்புக் குழுவில் பதினைந்து பெண்கள், எல்லாரும் ஒரே தெரு. அதற்கே எனக்குத் தாவு தீர்ந்தது.

விளையாட்டு எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் படையை இறக்குவது என்பதெல்லாம் உன் பாடு. லீடர் வேலை தெரியும், அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெல்லூர்ப் பக்கம் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பிய பெண்கள், நாளுக்கு ஒரு ரூபாய் என்று சேமிக்கவும் ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கம் பரவி எங்கள் மண்டலத்துக்கும் வந்தது. மாதம் முப்பது ரூபாய். அதிகாரிகள் வந்து பஞ்ச சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள்: கூட்டம் தவறக்கூடாது, சேமிப்பு தவறக்கூடாது, குழுவுக்குள்ளேயே கடன் கொடுக்க வேண்டும், தவணைப்படி கட்ட வேண்டும், கணக்கு எழுத வேண்டும். நான் பார்த்தவரை கடைசிச் சூத்திரம் கெட்டால் மற்ற நான்கும் தானாகக் கெட்டுவிடும்.

கூட்டத்தில் பாயின் நடுவே கணக்கு நோட்டு விரித்தபடி கிடக்கும். பத்தாவது படித்த ஒரு பெண் உரக்க வாசிப்பாள்: யார் கட்டினார்கள், யார் பாக்கி, யாருக்குக் கடன். எழுத்துத் தெரியாதவளும் தன் பெயர் வரும்போது நிமிர்ந்து உட்காருவாள். ஒருத்திக்குக் கறவை மாடு வேண்டும், ஒருத்திக்குப் பட்டுப்புழு வளர்க்கத் தட்டு வேண்டும், ஒருத்தி வீட்டில் கல்யாணம். எல்லாருக்கும் அவசரம், பணமோ இந்த மாதம் ஒருத்திக்குத்தான். 'தன் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள்' என்ற பேச்சு என் மேல் வராமல் காப்பாற்றியது அந்த நோட்டுதான். என் நல்ல குணத்தை யார் நம்பினார்கள்!

எவர்குவெஸ்ட் என்று ஒரு விளையாட்டைப் பற்றி நீ சொன்னாயே, 1999-ல் வந்தது. கூட்டமாகப் போய் ஒரு டிராகனைக் கொல்வார்கள், கிடைப்பது என்னவோ சில பொருள்கள். நிஜச் சண்டை டிராகன் செத்த பிறகுதான். அதைத் தீர்க்க ஒரு கில்டு, அதாவது ஆடுகிறவர்களின் குழு, புள்ளிக் கணக்குப் போட்டது. வந்து உழைத்தவனுக்குப் புள்ளி ஏறும், பொருள் எடுத்தால் இறங்கும். டிகேபி என்று பெயர். பிறகு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் நாற்பது பேர் சேர்ந்து ரெய்டு போனபோதும் பல கில்டுகள் அதையே வைத்துக்கொண்டன. கடல் தாண்டியும் நோட்டுதான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உன் கிளானில் யார் எவ்வளவு படை டொனேட் செய்தார்கள் என்பது எல்லார் திரையிலும் தெரிகிறது. அதைப் பார்த்து எல்டர் பதவி கொடு. உன்னோடு படித்தவன் என்பதற்காகக் கொடுத்தால் அன்றைக்கே இரண்டு பேர் வாய் மூடிக்கொள்வார்கள், அடுத்த வாரம் கிளானை விட்டே போவார்கள்.

ஆனால் நோட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூன்று கூட்டம் வராதவளை நீக்கலாம் என்று எங்களுக்கும் விதி இருந்தது. ஒருத்தி தொடர்ந்து வரவில்லை, நீக்கச் சொல்லி நெருக்கினார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் பெயரை அடிக்க மாட்டேன் என்றேன். போனால் வீடு பூட்டியிருக்கிறது. குழந்தையோடு வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன வாரம் கிளான் வாரில் இரண்டு அட்டாக்கையும் தவறவிட்டான் என்று ஒருவனைக் கிக் பண்ணப் போனாயே, அவன் விடிகாலையில் பால் கறந்து கேனில் ஊற்றிவிட்டு, பிறகு ரயில் பிடிக்கிறவன். வேலை இருக்கிற வாரம் ப்ரொஃபைலில் சிவப்பு வைக்கச் சொல், சிவப்பு வைத்தவனை வாருக்கு இழுக்காதே. கிக் பட்டன் எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் ஒரு போன் போடு.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன், தசைகள் வலுவிழக்கும் நோய். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் இபெலின் என்ற பெயரில் ஸ்டார்லைட் கில்டில் விளையாடினான். நோயைப் பல வருஷம் அங்கே சொல்லவே இல்லை. 2014-ல் 25 வயதில் அவன் போனபோது, பையனுக்கு நண்பர்களே இல்லை என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். மரணச் செய்தியை அவனுடைய பிளாகில் போட்டதும் கடிதங்கள் குவிந்தன, வேறு நாடுகளிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-ல் அவன் கதை ஆவணப்படமாகவும் வந்தது. அந்தப் பையன் ஒரு நாள் ஏன் வரவில்லை என்பதை எந்தப் புள்ளிப் பட்டியல் சொல்லியிருக்கும்?

அடுத்தது கோ-லீடர். எங்கள் பேங்க் கணக்கில் முதல் லீடர், இரண்டாம் லீடர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். இது சந்தேகம் என்று சிலருக்குக் கோபம். கையெழுத்துப் போடுகிறவளுக்கே அது பாதுகாப்பு என்று நான் சொல்வேன். ஈவ் ஆன்லைன் விளையாட்டில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணி 2009 பிப்ரவரியில் எப்படிச் சரிந்தது என்று நீதானே கதை சொன்னாய்? முழு அதிகாரம் கையில் இருந்தவர்களில் ஒருவன் எதிரணியோடு சேர்ந்துகொண்டான், உள்ளே இருந்தபடியே கூட்டணியைக் கலைத்துவிட்டான். வெளியிலிருந்து படை வந்து சாதிக்காததை ஒரு பட்டன் சாதித்தது. உன் விளையாட்டில் இரட்டைக் கையெழுத்து வசதி இல்லை. அதனால் கோ-லீடரை அவசரப்பட்டு ஆக்காதே. கொஞ்ச நாள் எல்டராக வை, கோபம் வரும்போது அவன் யாரை வெளியே தள்ளுகிறான் என்று கவனி. எல்டருக்கும் மெம்பரைத் தள்ளும் அதிகாரம் உண்டே, அதிலேயே குணம் தெரிந்துவிடும்.

அதற்காக ஒருவனையும் நம்பாமல் எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்வதும் ஆகாது. நான் காய்ச்சலில் படுத்திருந்த மாதம் கூட்டம் நடந்தது, நோட்டு வாசிக்கப்பட்டது, தவணையும் போனது. உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். நீயும் பழகிக்கொள். இந்த ஞாயிற்றுக்கிழமை வாரைக் கோ-லீடர் தொடங்கட்டும். வி.கோட்டா மார்க்கெட்டுக்கு வண்டி வருகிறது, நீ வந்து தக்காளிப் பெட்டிகளை ஏற்று.