கிட்டங்கி வழியில்

கல்முனைக் கடைத்தெருவின் இரைச்சலை விட்டு மேற்கே திரும்பினால், சிறிது நேரத்தில் நற்பிட்டிமுனை வந்துவிடுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாய் வாழும் ஊர். அதற்கப்பால் வயல்வெளி, பின்னர் கிட்டங்கித் தாம்போதி. மாரி பெருகிய ஆண்டுகளில் வெள்ளம் அதன்மேற் பாய்ந்து, நாவிதன்வெளி மக்களை அக்கரையிலேயே நிறுத்திவிட்டதுண்டு.

வெள்ளம் வடிந்த ஒரு மாலையில், அவ்விடத்தே இளைஞர் ஒருவருடன் நெடுநேரம் உரையாடினோம். அவருடைய பெயரையும் ஊரையும் கூறோம். காரணம் வாசகர்களுக்கு விரைவில் விளங்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கிக் கல்முனைக் கரையை அழித்தபோது அவர் சிறு பையன்.

“காக்கா, கடல் வந்த அண்டைக்கு எங்கள முதல்ல வந்து தூக்கினது அயலாக்கள்தான். இப்ப எனக்கிருக்கிற கஷ்டத்த அந்த அயலுக்குத்தான் சொல்ல ஏலாது” என்றார்.

தம் உள்ளம் ஆண்களையே நாடுகிறதென்பதைப் பதினாறு வயதில் உணர்ந்தாராம். பின்னர் வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்தது. உறக்கம் போயிற்று; உயிரை விடவும் எண்ணினார். அந்நாளில் நண்பர் ஒருவர் தொலைபேசி இலக்கமொன்றைக் கொடுத்தார். மறுமுனையிற் பேசியவர் பெயர் கேட்கவில்லை, புத்தி புகட்டவுமில்லை. “நானும் இந்த வழியால வந்தவன்தான், தம்பி” என்றாராம்.

தன்பாலீர்ப்பு நோயன்று என்பதை உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே ஏற்றுவிட்டது. நம் நாட்டிலோ 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இவ்வுறவைக் குற்றமாக்கிற்று. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023-இல் உயர் நீதிமன்றம் கூறியும், 2024-இல் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. திருநருக்கு மட்டும், தம் பாலினத்தைப் பதிவேடுகளில் மாற்றிக்கொள்ள 2016-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வழி திறந்தது.

அஞ்சி ஒடுங்கியோருக்குத் துணையாக அவர்களுள் ஒருவரே முன்வந்தனர். கடல் பொங்கிய அதே 2004-இல் கொழும்பில் தொடங்கிய ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பு தொலைபேசிவழி ஆலோசனையும் வழங்கலாயிற்று. யாழ்ப்பாணத்தில் 2022-இல் இத்தகையோர் வீதியில் ஊர்வலமாகவே நடந்தனர்.

இத்துணை மருத்துவருக்கு மாற்றன்று. முதலிற் செவிகொடுப்பதும், வேண்டியபோது மருத்துவரிடம் உடன் செல்வதுமே இதன் பணி. ஆபத்தான வேளையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கமும் உண்டு. ஆயினும் தன் கதையைச் சொன்னால் எங்கே ஊருக்குத் தெரிந்துவிடுமோ என அஞ்சுபவன், முதலில் தன்னையொத்த ஒருவரிடமே வாய் திறக்கிறான்.

பொழுது சாய்ந்தது. இளைஞரின் கைத்தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் யாரென அவரும் அறியார். இப்போது அவரே இத்தகைய அழைப்புகளை ஏற்பவர். “சொல்லுங்க தம்பி, கேட்டுட்டுத்தான் இருக்கன்” என்றவாறு வயல் வரம்பில் இறங்கி நடந்தார். நற்பிட்டிமுனையில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. பேச்சு முடியும்வரை நாம் தாம்போதியருகே காத்திருந்தோம்.